சாய்ந்து நின்ற முத்திரைகள்

குராமோச்சி: அதான் கேக்கறேன், ஷிமோதா. மார்ச்சுல பெரியப்பா நினைவுநாள்னு லீவு வாங்கின. இப்பவும் பெரியப்பா. அந்த மனுஷன் எத்தனை தடவைதான் சாவாரு?

ஷிமோதா: அது அம்மா வழி, மேடம். இது... அப்பா வழி.

குராமோச்சி: சனிக்கிழமை கம்பெனி விளையாட்டு விழா. நம்ம செக்ஷன்ல கயிறு இழுக்கற உடம்பு உனக்கு ஒருத்தனுக்குத்தான். மத்தவங்க எல்லாம் நாம விக்கிற குடைக் கம்பி மாதிரி இருக்காங்க.

ஷிமோதா: விழா ஞாயித்துக்கிழமைன்னுதானே சொன்னாங்க...

குராமோச்சி: ஞாயிறு மழையாம். டைரக்டர் ஒரு நாள் முன்னால இழுத்துட்டாரு. குடைக் கம்பெனிக்காரன் மழைக்குப் பயப்படறான், எங்க போய்ச் சொல்ல!

ஷிமோதா: உங்க முத்திரை ஒண்ணு விழுந்தா போதும், மேடம். இந்த லீவுத் தாள் கட்டத்துல.

குராமோச்சி: விழும், விழும். உண்மை முதல்ல விழட்டும். சாப்பாட்டு நேரம், மாடியில ஈ காக்கா இல்ல. வீட்டுல சண்டையா?

ஷிமோதா: இல்ல மேடம்.

குராமோச்சி: வேற வேலை தேடறியா?

ஷிமோதா: ஐயையோ! ...ஒரு ஆட்டம்.

குராமோச்சி: பேஸ்பாலா?

ஷிமோதா: ரோல் பிளே ஆட்டம். அஞ்சு பேரு, ஆளுக்கொரு வேஷம், பகடை. முகமும் தெரியாது, குரலும் தெரியாது. எல்லாம் கம்ப்யூட்டர்ல தட்டித் தட்டித்தான். 'மழைநரி'ன்னு ஒருத்தர் கதையை நடத்துவாரு. பதினாலு மாசமா ஆடறோம். சனிக்கிழமை கடைசி ஆட்டம். ஒருத்தர் வரலேன்னாலும் கோட்டைக் கதவு திறக்காது, மேடம். அவ்வளவும் வீண்.

குராமோச்சி: ஒரு பொம்பளப்புள்ளைக்கு அப்பா... பகடை உருட்டறான்! உருப்படியா ஒரு புத்தகம் படிக்கலாம்ல? என்னைப் பாரு, ரயில் ஏறினா புத்தகம்தான்.

ஷிமோதா: பாக்கறேனே. கடையில காகித உறை போட்டுக் குடுத்த அதே தடிப் புத்தகம். ஒரு வருஷமா.

குராமோச்சி: சரித்திர நாவல். நீளம் ஜாஸ்தி.

ஷிமோதா: ஓரத்துல பென்சிலால கட்டம் போட்டு எண் எழுதற நாவலா?

குராமோச்சி: சரித்திரம்னா வருஷக் கணக்கு இருக்காதா? நீ விஷயத்துக்கு வா. படிக்கறதுல இல்லாத சுகம் அதுல என்ன?

ஷிமோதா: நானும் படிக்கறவன்தான். ஆனா புத்தகத்துல அடுத்த பக்கம் முன்னாடியே அச்சாகிடுச்சு. நாம தலைகீழா நின்னாலும் சாகறவன் சாவான். ஆட்டத்துல நான் வாயைத் திறந்தா கதையே திரும்பும்.

குராமோச்சி: நீ? வாயை? எட்டு வருஷமா இங்க உன்கிட்ட மூணே வார்த்தைதான். 'சரிங்க', 'ஆகட்டுங்க', 'மன்னிச்சிடுங்க'.

ஷிமோதா: இங்க பயம், மேடம். அங்க நான் ஒரு கொல்லன். ராஜா ராத்திரிக் காவலை ரெட்டிப்பாக்கினப்ப, மூஞ்சிக்கு நேரா கேட்டேன். 'பெத்த புள்ளையைத் தூங்கறப்ப மட்டுமே பாக்கற காவக்காரன் யார் வீட்டைக் காப்பாத்துவான்?'னு. தட்டி அனுப்ப அரை மணி நேரம் ஆச்சு. ஆனா ராஜா உத்தரவை வாபஸ் வாங்கிட்டாரு.

குராமோச்சி: ராஜாவுக்குப் பெரிய மனசு.

ஷிமோதா: அடுத்த வாரமே நீங்க இங்க வெள்ளிக்கிழமை சாயங்கால மீட்டிங்கை நிறுத்தினீங்க.

குராமோச்சி: ...ஏசி ரிப்பேர். அதான்.

ஷிமோதா: டிசம்பர்லயா?

குராமோச்சி: ஹீட்டர்! ஹீட்டர்னு சொல்ல வந்தேன்... சரி, அந்த நரி எப்படி? நல்லா நடத்துவாரா?

ஷிமோதா: கதை அருமை. சண்டைதான் சொதப்பல்.

குராமோச்சி: சொதப்பலா? மூணு வாரம் கண்ணு வலிக்க சண்டைக்கு வரைபடம் வரைஞ்ச... வரைஞ்சிருப்பாரு, பாவம்.

ஷிமோதா: இன்னொண்ணு கேளுங்க. ராஜாகிட்டேருந்து கடிதம் வரும். நெசமாவே காகிதத்துல எழுதி, சிவப்பு முத்திரை குத்தி, படம் புடிச்சு அனுப்புவாரு. இடது ஓரத்துல ராஜா முத்திரை நேரா நிக்கும். பக்கத்துல மந்திரியோடது கொஞ்சம் சாஞ்சு, தளபதியோடது இன்னும் சாஞ்சு, கடைசியில அரண்மனை சமையக்காரனோடது தரையில விழற மாதிரி...

குராமோச்சி: அப்படித்தானே குத்தணும்? பெரியவங்க முத்திரையைப் பாத்து சின்னவங்க முத்திரை குனியணும்ல?

ஷிமோதா: நம்ம ஆபீஸ்ல குனியணும், மேடம். டிராகன் திரியற நாட்டுல எவன் குனியறான்?

குராமோச்சி: தாளைக் குடு. இந்தா, குத்தியாச்சு. உன் பெரியப்பா நிம்மதியாத் தூங்கட்டும்.

ஷிமோதா: ரொம்ப நன்றி, மேடம். ஒரே ஒரு கவலை.

குராமோச்சி: இன்னும் என்ன?

ஷிமோதா: கொல்லன் வந்துடுவான். மழைநரி மைதானத்துல விசில் ஊதிக்கிட்டிருந்தா கதையை யாரு நடத்துவா?

குராமோச்சி: ...எத்தனை நாளாத் தெரியும்?

ஷிமோதா: முதல் கடிதம் வந்தப்பலேருந்து. அக்டோபர்.

குராமோச்சி: இரு, இரு... கொல்லன் கேள்வி கேட்டது டிசம்பர்ல.

ஷிமோதா: ஆமா.

குராமோச்சி: அப்ப நான்தான் ராஜான்னு தெரிஞ்சேவா கேட்ட?

ஷிமோதா: அதனாலதான் அரை மணி நேரம் ஆச்சு. கோவமா, மேடம்?

குராமோச்சி: கோவம் என்ன! நீதான் கொல்லன்னு எனக்கு முதல் வாரமே தெரியும். ராஜாகிட்ட எது சொன்னாலும் ஆபீஸ் கடிதம் மாதிரி முதல்ல 'தங்களின் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி'ன்னு எழுதற கொல்லன் இந்த ஒசாகாவுல வேற எவன் இருக்கான்? அன்னிக்கு நீ கேட்டதைப் படிச்சுட்டு எனக்கு சோறு இறங்கல, ஷிமோதா. அதான் அடுத்த வாரமே மீட்டிங்குக்கு முழுக்குப் போட்டேன்.

ஷிமோதா: ...என் பொண்ணு இப்பல்லாம் வெள்ளிக்கிழமை எனக்காக முழிச்சிருக்கா, மேடம்.

குராமோச்சி: தெரியும். நீதான் நம்ம ஆட்டத்துப் பக்கத்துல அவ படம் போட்டிருந்தியே... 'கொல்லனின் வாரிசு'ன்னு.

ஷிமோதா: அப்ப சனிக்கிழமை?

குராமோச்சி: கயிறை டைரக்டரே இழுக்கட்டும். அந்த மேல் டிராயரைத் திற. என் லீவுத் தாள் இருக்கு பாரு, உன்னோடதையும் சேத்து அவர் முத்திரைக்குக் கொண்டுபோ. ஆனா ரெண்டையும் அடுத்தடுத்து நீட்டிடாதே, நடுவுல வேற நாலு தாளைச் சொருகு... எனக்கும் பெரியப்பாதான். அதுவும் அப்பா வழி.