சுண்ணாம்புக் குழி

கோழி வளர்க்கிறவளுக்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும், ஐயா. காலையில் கூட்டைத் திறக்கும்போது எது கத்துகிறது என்று பார்க்கக் கூடாது, எது கத்தவில்லை என்று பார்க்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

தெருவில் யார் வீட்டுக் கோழி தலை கவிழ்ந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கைராசிக்காரி என்பார்கள். எதற்கும் வாய் திறக்காத என் வீட்டுக்காரர்கூட இந்த ஒரு விஷயத்தில் என்னை நாலு பேர் முன்னால் மெச்சுவார். கல்யாணமாகி வந்த இடத்தில் எனக்கென்று கிடைத்த பெயர் அது ஒன்றுதான். அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினேன்.

என் நாத்தனாரும் எங்களோடுதான் இருந்தாள். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். நான் அவளைக் குறை சொல்ல வரவில்லை. நல்ல பெண்தான், மனசு மட்டும் வெண்ணெய்.

செவலைக் கோழிதான் முதலில் விழுந்தது. வெள்ளையாகக் கழிந்து, இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. ஒன்றுக்கு வந்தால் கூட்டையே வாரிக்கொண்டு போகிற சீக்கு அது. உடனே பிடித்துக் குளியலறைக்குப் பின்னால் ஒரு கூடையைப் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் கூட்டைத் திறந்தால், செவலை மற்றதுகளோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.

“தனியா கெடந்து கத்துச்சு அண்ணி. பாவமா இருந்துச்சு, அதான் உள்ள விட்டேன்” என்றாள்.

நான் கோபப்படவில்லை. “சரி விடு, தெரியாம செஞ்சுட்ட” என்றுதான் சொன்னேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக விழுந்தன. கழுத்து முறுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றின. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பாவம். இடது கையில் காலைப் பிடித்து, வலது கையில் தலையைப் பிடித்து, கீழே இழுத்து மடக்கினால் போதும். விரலுக்குள் சின்னதாக ஒரு சத்தம் வரும். இறக்கை கொஞ்ச நேரம் அடித்துக்கொள்ளும், அது வலியில்லை. சந்தையில் புதிதாக வாங்கிய சேவலுக்கு மட்டும் முரட்டுக் கழுத்து. கைக்கோடாலி எடுக்க வேண்டியதாயிற்று.

நாலைந்து கோழிக்கு எதற்கு அவ்வளவு ஆழமான குழி என்று கேட்டீர்கள். நாய் தோண்டாமல் இருக்க வேண்டுமே. கடைசியில் நாய் தோண்டவில்லை, நீங்கள்தான் தோண்டினீர்கள். குழியை நான் ஒருத்தியே வெட்டவில்லை. எனக்கு இடுப்பு வலி என்று சொன்னதும் மண்வெட்டியை அவள் வாங்கிக்கொண்டாள். முக்கால்வாசி அவள் வெட்டியதுதான்.

குழிக்குள் இறங்கி, அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லையாம். சேவலைக் கையில் வாங்கும்போது, “அண்ணன் வந்ததும் எல்லாத்தையும் சொல்லிடலாம் அண்ணி. செவலைய உள்ள விட்டது என் தப்புதான். ஆனா…” என்று இழுத்தாள்.

கோடாலி என் கையிலேயே இருந்தது. குனிந்தவளின் காதுக்குப் பின்னால் போட்டேன். சரியாக விழவில்லை. “அண்ணி” என்று திரும்பிப் பார்த்தாள். அடுத்த அடியில் மண்டை பிளந்தது. கோழிகளைப் போலவே கையும் காலும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டன. அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் யாரையும் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. பிறகு சுண்ணாம்பைத் தூவினேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக.

சாயங்காலம் அவர் வந்தார். தங்கை கோபித்துக்கொண்டு புருஷன் வீட்டுக்கே போய்விட்டாள் என்றேன். வெறும் கூட்டைக் காட்டி, “ஒங்க தங்கச்சி சீக்குக் கோழிய உள்ள விட்டுட்டா. எல்லாம் போச்சு” என்றேன்.

“ஒன் கைக்கே நிக்கலன்னா அது பெரிய சீக்காத்தான் இருக்கும்” என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏன் செய்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். செவலையை உள்ளே விட்டதற்காக என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அது அறியாமை, அதற்கெல்லாம் ஒருத்தியைக் கொல்வார்களா. அவளுக்குக் கருநாக்கு, ஐயா. சந்தையிலிருந்து அந்தச் சேவலை வாங்கி வந்து நேராகக் கூட்டுக்குள் விட்டது நான்தான். மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, நானும் பார்த்தேன். என் கைக்கு வந்த பிறகு அதற்கு என்ன ஆகிவிடும். அவள்தான் பின்னால் நின்றுகொண்டு, “புதுசா வந்தத கொஞ்ச நாள் தனியா கட்டுங்க அண்ணி, சீக்கு இருந்தா எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்” என்றாள்.

அந்த வார்த்தையை அவள் சொல்லும்வரை என் வீட்டில் சீக்கே கிடையாது.