பக்கிரி எட்டிப் பார்க்காத ஜன்னல்

ஜன்னலோடு எனக்கு ஒரு விரோதமும் கிடையாது, ஐயா. சிதம்பரத்தில் பஸ் ஏறினால் ஜன்னலோர சீட்டுக்குத்தான் கைக்குட்டை போடுவேன்.

கடலூர்த் துறைமுகத்தில் வருடம் ஒருமுறை நான் நடத்துவது போர் விளையாட்டு. நான் ஹேக்கராக நடித்து, மாதிரிக் கணினியில் பொய்க் கப்பல்களை விடுவேன். கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டுக்காக யார் வயர்லெஸ்ஸில் பேசினாலும் "பயிற்சி" என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் போட்ட விதிதான் அது.

போன மூன்று வருடமும் என்னை ஜெயித்தவர், அந்த அறையில் படகுகளுக்கு வழிவிடும் பக்கிரி. மீனவக் குடும்பத்திலிருந்து டிப்ளமோ படித்து வந்தவர். ஆறு மாதம் உட்கார்ந்து நான் செய்த கப்பலை, எழுந்துபோய் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க ஒண்ணும் காணோமே சார்" என்று டீயை உறிஞ்சுவார். அறையே சிரிக்கும். எனக்கு வலித்தது. மறைப்பானேன்?

இந்த வருடம் இரண்டு சின்னத் திருத்தம் செய்தேன். ஜன்னலை அட்டை வைத்து அடைத்து, எட்டிப் பார்த்தால் தோல்வி என்று எழுதி ஒட்டினேன். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. நிஜக் கணினிக்குள் நுழைந்து, துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த ஒரு பார்ஜை, அந்தப் பெரிய சரக்குப் படகை, மானிட்டரிலிருந்து அழித்தேன். பத்தே நிமிடத்துக்குத்தான்.

வழி காலியாக இருக்கிறது என்று நம்பி, பக்கிரி ஒரு விசைப்படகை வெளியே அனுப்பினார். அதில் இருந்தது அவர் தங்கை புருஷன் கதிரவன். கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் கதிரவன் குரல் வந்தது.

"மச்சான், இன்ஜின் நின்னுபோச்சு. பார்ஜ் ஒண்ணு நேரா என் மேல வருது. நிறுத்தச் சொல்லு மச்சான்."

பக்கிரி பாதி எழுந்து என்னைப் பார்த்தார். "சார், இவன் பயிற்சின்னு சொல்லலையே?"

"மறந்திருப்பார். பயிற்சிதான், உட்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். கதிரவன் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். "நல்லாத்தான் நடிக்கிறான்" என்று பக்கிரி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

கதிரவன் உடல் மறுநாள் தேவனாம்பட்டினத்தில் கரை ஒதுங்கியது. பக்கிரி இன்னும் யாரிடமும் பேசுவதில்லையாம். பாவம்.

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். என் அறிக்கையையும் இதோடு சேர்த்து வையுங்கள். பக்கிரிக்கு அதில் நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறேன். கடைசிவரை மனிதர் ஜன்னல் பக்கம் போகவே இல்லை.