நாலு டிரான்ஸ்பார்மர், ஒரே பாதை

நாற்காலி கொடுத்தீர்களே இன்ஸ்பெக்டர், நல்லது. மேசைக்கு அடியில் குனிந்து குனிந்து முழங்கால் இரண்டும் போய்விட்டது. எழுதினதைக் கடைசியில் வாசித்துக் காட்டுங்கள். எனக்குப் படிப்பு கம்மி. மனுஷன் மேல் நம்பிக்கை அதைவிடக் கம்மி.

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டிப் பிழைத்தவன் நான். செத்துப்போனவன் என் மச்சினன், என் பெண்டாட்டியின் தம்பி. தையல்காரன். அவள் கண்ணை மூடின பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் அந்த வீட்டில். பேச்சு தீர்ந்துபோய் மாடி அறை முழுக்கப் பொம்மை ரயில் போட்டோம். சுவரோரம் சுற்றிவர மேசை, பாலம், ஸ்டேஷன், தெருவிளக்கு. மலைக்குப் பச்சைத் துணி தைத்துப் போர்த்தினது அவன். கரண்ட் என் பொறுப்பு.

"ஒரே டிரான்ஸ்பார்மர் போதும் மாமா. எல்லாம் ஒண்ணா ஓடட்டுமே" என்றான்.

"ஒத்தை மாட்டுல ஊரையே ஏத்துவியாடா?"

பாதையை நாலாக வெட்டினேன். ஒவ்வொரு பகுதிக்கும் தனி டிரான்ஸ்பார்மர், தனி ஃபியூஸ். வண்டி தடம்புரண்டு ஷார்ட் ஆனால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். ஒருத்தன் தப்புக்கு மற்றவன் ஏன் இருட்டில் உட்கார வேண்டும்? நாலும் ஒரே மாதிரிதான். இரண்டு என்னுடையது, இரண்டு அவனுடையது என்று பேச்சுக்குச் சொல்லிக்கொள்வோம்.

அவனுக்கு ஒரு பழக்கம். குண்டூசி, நூல், எதுவானாலும் பல்லில் கடித்துக்கொள்வான். பிளக்கைப் பிடுங்கினாலும் அப்படித்தான். அதைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வயரைச் சுருட்டுவான்.

"அதென்ன கரும்பாடா?" என்பேன்.

"நீங்கதானே சொன்னீங்க, பிடுங்கிட்டா செத்துப்போச்சுன்னு."

சொன்னேன். உண்மையும் அதுதான், நாலும் தனித்தனியாக இருந்தவரை.

போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"மக வரச் சொல்றா மாமா. அங்கேயே இருந்துடலாம்னு இருக்கேன்."

"ரயில்?"

"என் பங்கை எடுத்துக்கறேன். பேரன் ஆசைப்படறான். நீங்க நல்லவேளை நாலா பிரிச்சு வெச்சிருக்கீங்க. கத்தரி வெச்ச துணி மாதிரி வந்துடும்."

கோபப்பட மூச்சு வேண்டும், அது என்னிடம் இல்லை. மறுநாள் அவன் மேசையை அறுக்க ரம்பம் வாங்கக் கடைக்குப் போனான். நான் மேசைக்கு அடியில் போய், வெட்டிவிட்டிருந்த இடங்களை வயர் போட்டுச் சேர்த்தேன். அவன் முதலில் கேட்டதுதான். ஒன்றாக ஓடட்டும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். டிரான்ஸ்பார்மர் வீட்டுக் கரண்டைச் சின்னதாக்கும். பின்பக்கமாகச் சின்னக் கரண்ட் நுழைந்தால் அதையே பெரிசாக்கித் தரும். நாலும் சேர்ந்திருக்கும்போது ஒன்றின் பிளக்கைப் பிடுங்கினால், மற்ற மூன்றும் தண்டவாளம் வழியாக அதற்கு உயிர் கொடுக்கும். பிளக் கையில் இருக்கும், சுவர்க் கரண்ட் அதன் கம்பியில் இருக்கும். காயில் கட்டினவனுக்கு இது பாலபாடம். தையல்காரனுக்குத் தெரியாது.

ரம்பத்தோடு வந்தான். "கடைசியா ஒரு சுத்து விடுங்க மாமா. உங்க பக்கம் ஓடட்டும், நான் என் பக்கத்தைக் கழட்டறேன்" என்றான். வண்டியை விட்டேன். அவன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். கடித்தான்.

கத்தவில்லை. பல் கிட்டிப் போயிருந்தது. மெயின் சுவிட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, கேட்கிறீர்களே, ஆமாம். ஆனால் வண்டி அப்போதுதான் பாலம் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே நிறுத்தினால் பின்னால் சறுக்கும். அவன் பிளக்கைப் பிடுங்கியிருந்தும் அவன் பங்கில் எங்கேயும் தயங்காமல் ஓடியது. அவன் தைத்த மலையைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. அப்புறம்தான் சுவிட்சை அணைத்தேன்.

தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் போகிறேன் என்றான், நான் போகவிடவில்லை. அவ்வளவுதான்.