நிற்காத பம்பு

ஓடுகிறோம். சுரங்கத்து மெயின்கேட்டிலிருந்து முந்திரித் தோப்புப் பக்கம். பின்னால் அடியாட்கள் கையில் சைக்கிள் செயின் சுழல்கிறது. விர். விர்.

"குனிஞ்சிகினு ஓடுங்க! நிக்காதீங்க!"

பாஞ்சாலி கத்துகிறாள். என்னோடு கன்வேயர் பெல்ட்டடியில் சிந்துகிற கரி அள்ளுகிறவள். அவள் வலது கை ஏற்கெனவே தொங்குகிறது. நான் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் முருகேசன் கேட்டிலேயே நிற்கிறார். இரண்டு கையும் மேலே. வெறுங்கை.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம். ஐப்பசி. நெய்வேலியில் காண்ட்ராக்ட் ஆட்கள் வேலைநிறுத்தம். எங்களைப் பர்மனென்ட் ஆக்கு என்றோம். வேறொன்றும் கேட்கவில்லை. பர்மனென்ட் ஆட்கள் வழக்கம்போல் ஷிப்டுக்குப் போனார்கள். எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

எங்கள் கையில் இருந்தது பம்பு ஒன்றுதான். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு கிடக்கும். இராப்பகலாக இறைக்க வேண்டும். நின்றால் தரை பிளந்து வெள்ளம் ஏறும். இறைக்கிறவர்களும் எங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள்தான். வேலைநிறுத்தத்துக்குத் தலைவர் என் வீட்டுக்காரர்.

"பம்ப நிறுத்துய்யா. ஓடியாந்து பேசுவானுங்க" என்றேன் அவரிடம்.

"உள்ள ஆளுங்க இருக்கறாங்கடீ. ஏறி வர்றதுக்குள்ள தண்ணி வந்துட்டா?"

பாவ புண்ணியம் பார்க்கிற மனுஷன். பம்பு ஆட்களை மட்டும் தினமும் அவரே உள்ளே அனுப்பினார். சுரங்கம் ஓடியது. காண்ட்ராக்டருக்கு என்ன அவசரம்? சாவகாசமாக இருந்தான். நாங்கள் பட்டினி. பிறகு அடியாட்களை லாரியில் இறக்கினான்.

எங்கள் பையன்கள் கல் எடுத்தார்கள்.

"கல்ல கீழ போடுங்கடா! யாரும் கை ஓங்கக் கூடாது!"

போட்டார்கள். அவர் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

உருட்டுக்கட்டை அவர் தலையில் இறங்குகிறது. மடார். ஒரே அடி. ஷிப்டு சங்கு ஊதுகிறது. அது ஓய்ந்ததும் பம்பு இரைச்சல் கேட்கிறது. நிற்கவில்லை.

அவர் சொன்னது தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நியாயம்தான். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

இழந்ததைச் சொல்கிறேன். முருகேசன். பாஞ்சாலியின் வலது கை. அப்புறம் அது சோறு எடுக்கவேயில்லை. எங்கள் ஊர் காடாம்புலியூரிலிருந்து போன அத்தனை பேர் வேலை. பம்பு ஆட்கள் வேலையும் போயிற்று. அவர்கள் இடத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள்.

சுரங்கத்துக்குள் இருந்த பர்மனென்ட் ஆட்களில் ஒருவரும் சாகவில்லை. ஷிப்டு முடிந்து ஆள் குறையாமல் மேலே வந்தார்கள். அவர் சாவுக்கு அதில் ஒருத்தரும் வரவில்லை.