இடது கை, வலது கை ஆல்கஹால்

கார்த்திகைக் கூட்டம். உள்ளே பிரசாதம் கிடைக்கும் என்று கோவில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவனுக்கு இந்த ஊர் ஆபீஸில் வேலை. அவள் மெட்ராஸில் ஆராய்ச்சி செய்கிறாள். பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"ஒண்ணைக் கண்ணாடியில பாத்தா இன்னொண்ணு, அப்படி ரெண்டு ஆல்கஹாலுங்க. ஒண்ணு இடது கை, ஒண்ணு வலது கை. கலந்து கெடக்குறதைப் பிரிக்கணும்."

"சாராயத்துலயும் அது உண்டா?"

"குழாய்க்குள்ள ஒரு தூள் இருக்கு. அது வலதை மட்டும் புடிச்சு வெச்சுக்கணும், இடது முன்னால வந்துடணும். ரெண்டையும் குழாய் வழியா தள்ளிவிட வேற ஒரு ஆல்கஹாலை மேலேருந்து தாராளமா ஊத்துறேன். ரெண்டும் ஒண்ணாவே வருது. இந்த மாசம் பிரியலைன்னா ஆராய்ச்சியை விட்டுடச் சொல்லிட்டாரு எங்க சாரு."

"நல்லதாப் போச்சு, ஊரோட வந்துடு. ரெண்டு வருஷமா ஓட்டல் சோறு எனக்கு."

பின்னாலிருந்து நெருக்கினார்கள். அவனுக்கு எரிச்சல்.

"குருக்கள் நமக்கு வேண்டியவரு. மத்த நாள்ல நம்மள மட்டும் நிக்க வெச்சு கற்பூரம் காட்டுவாரு. இந்த நெரிசல்ல யாரைப் புடிச்சு நிறுத்துவாரு? எல்லாரையும் ஒண்ணாத்தான் தள்ளுவாரு."

அவள் திரும்பி நெரிசலைப் பார்த்தாள்.

"நான் ஊத்துற ஆல்கஹாலே தூள்ல இருக்குற இடத்தையெல்லாம் புடிச்சுக்குதுங்க, வலதை நிறுத்தி வெக்க இடமில்ல. கூட்டம் ஜாஸ்தி. கம்மி பண்ணா பிரிஞ்சுடும்!"

"அப்போ?"

"மெட்ராஸ் பஸ் எத்தனை மணிக்கு?"

அவன்தான் கூட்டத்தை விலக்கி அவளுக்கு வழி செய்துகொண்டு போனான். நான் இரண்டு ஆள் முன்னேறினேன்.