செவ்வாய்க்கிழமை வந்த பேருந்து

வெள்ளிக்கிழமை. காலை ஆறு பத்து. ஓடுகிறோம். கார்ட்டூம் நகரம், சூடான் நாடு. தெருவெல்லாம் கண்ணாடித் தூள். என் கையில் எப்சியின் கை. மகளுக்குப் பத்து வயது. முன்னால் என் கணவர் செல்வின், தோளில் பெரிய பை.

முதலில் ஒரு விசில் சத்தம். நீளமாக. பிறகு சத்தமே இல்லை.

"ஏட்டி, குனி! சுவரோட ஒட்டு!" செல்வின் என்னைப் பார்த்துக் கத்துகிறார்.

குனிகிறேன். சுவர் என்மேல் சரிகிறது. வாயெல்லாம் மண். காது இரைகிறது. எப்சியின் கையை நான் விடவில்லை. கை சூடாகத்தான் இருந்தது. மூன்று முறை கூப்பிட்டேன். அவள் பேசவில்லை.

இதுவரைக்கும் உள்ள கதையை என் கணவரும் சொல்லுவார். சங்கரன்கோவிலில் எங்கள் சபையில் மாதம் ஒரு தடவையாவது சாட்சி சொல்கிறார். ஊர் திரும்பிய பிறகு அவருக்கு நல்ல பெயர். வாசுதேவநல்லூர், கரிவலம்வந்தநல்லூர் ஜெபக்கூட்டங்களுக்கும் கூப்பிடுகிறார்கள். ஆண்டவருக்குத் தன்னை முழுவதுமாக ஒப்புக்கொடுத்த மனிதர் என்று மைக்கில் அறிமுகம். அவர் வெள்ளிக்கிழமையில் ஆரம்பிக்கிறார். நான் செவ்வாய்க்கிழமையில் ஆரம்பிக்கிறேன். அந்த நாளை யாரும் மறந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

செல்வின் அங்கே ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சனிக்கிழமை காலை சண்டை மூண்டது. இரண்டு படைகள். நடுவில் எங்கள் தெரு. ஞாயிறு மின்சாரம் போனது. திங்கள் குழாயில் தண்ணீர் நின்றது.

செவ்வாய் பகல் பதினொன்றரை. ஹாரன் சத்தம். இரண்டு தடவை. கீழ்வீட்டு ராஜன் அண்ணாச்சி, சிவகிரிக்காரர், படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. துறைமுகத்துக்குப் போகும் பேருந்து வாசலில் நிற்கிறது, மூன்று இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்றார்.

"ஏலே செல்வின், கெளம்புலே! பத்து நிமிசந்தான் நிப்பான்!"

"ஆண்டவர் இன்னும் உத்தரவு குடுக்கல அண்ணாச்சி. எல்லாத்தையும் அவரு கையில குடுத்துட்டேன்."

அவர் நம்பிய உத்தரவு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. புத்தாண்டுக்கு ஊருக்கு வந்திருந்தபோது சபையில் தட்டை நீட்டினார்கள். வாக்குத்தத்த அட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்போம். அதில் வரும் வசனம்தான் அந்த வருடம் முழுவதற்கும் ஆண்டவர் நமக்குத் தந்த வாக்கு. இவர் எடுத்ததில், இருக்கிற இடத்திலேயே காக்கப்படுவாய் என்ற பொருளில் ஒரு வசனம். நான் எடுத்ததில் வழி காட்டப்படும் என்று இருந்தது. என்னுடையதை யாரும் ஃபிரிட்ஜில் ஒட்டவில்லை.

எப்சி அதற்குள் தயாராகிவிட்டாள். முழங்காலில் நின்று ஒரு வரி ஜெபம். எழுந்து ஷூவை மாட்டினாள். ஜெபத்துக்கும் ஷூவுக்கும் நடுவில் அவளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஒப்புக்கொடுப்பது என்றால் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அவளை அதட்டினேன்.

"அப்பா சொல்லுத வரைக்கும் சும்மா இருட்டி!"

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. செல்வின் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். என்ன விசுவாசம் என்று எனக்குப் பெருமைகூட வந்தது. உண்மையில் முடிவெடுக்கப் பயந்த மனிதர் அவர். நான் மட்டும் என்ன ஒழுங்கு? அவர் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாராம். நான் அவருக்கு ஒப்புக்கொடுத்தேன். யோசிக்கிற வேலை எனக்கு மிச்சம்.

வியாழன் மாலை குடத்தில் கடைசித் தண்ணீரும் தீர்ந்தது. உடனே உத்தரவு வந்துவிட்டது. வெள்ளி விடிந்ததும் அடுத்த பேருந்து நிற்கும் இடத்துக்குக் கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர். முக்கால்வாசி போய்விட்டோம்.

போன ஞாயிறு. காலை பத்தரை. சபையில் செல்வின் சாட்சியை முடிக்கிறார். "எங்க மகளையும் ஆண்டவருக்கே ஒப்புக்குடுத்தோம்" என்கிறார். கொடுத்தோமாம். பிள்ளை என்ன காணிக்கை உறையா? எல்லோரும் ஆமென் என்கிறார்கள். பாஸ்டர் என்னைப் பார்க்கிறார். "அக்கா, நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லுங்க."

எழுந்தேன்.

"செவ்வாக்கெழம வாசலுக்கே பஸ் வந்துச்சு. இவுக ஏறல. நானும் ஏறல. பிள்ள ஷூவ மாட்டிக்கிட்டு நின்னா."

பின்வரிசையில் யாரோ ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். கீபோர்டு சேர்ந்துகொண்டது. கைதட்டிப் பாடினார்கள். பைக்கில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் செல்வின் கேட்டார்.

"சபையில வச்சுத்தான் சொல்லணுமா?"

வேறெங்கே போய்ச் சொல்வது?

இழந்தவற்றை எழுதுகிறேன். எட்டு வருடம் குடியிருந்த வீடு. கட்டில், பாத்திரம், எப்சியின் பாடப்புத்தகங்கள். ராஜன் அண்ணாச்சியின் முகம். இங்கே சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கணவர் இருக்கிறார். ஒரே வீடு, இரண்டு அறை. ஆண்டவரும் இருக்கிறார். அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

உயிர், ஒன்று. எப்சி. பத்து வயது, நான்கு மாதம். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதைத்தோம். இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் குண்டுவீச்சு என்று போட்டிருக்கிறார்கள். அது போதாது. அதன் கீழே இரண்டு பெயர் எழுத வேண்டும். ஒன்று அவருடையது. இன்னொன்று என்னுடையது.