ஓடைக்கு அந்தப் பக்கம்

— குடிக்கலையா ரோடா? இப்பத்தான் கறந்தேன், வெதுவெதுன்னு இருக்கு.

— தாகமில்ல கெசியா அக்கா.

— சோள ரொட்டிய வறட்டு வறட்டுன்னு மெல்லுற, தாகமில்லையாம்! சரி, உன் பிள்ளைக்காவது ஒரு குவளை எடுத்துட்டுப் போ.

— நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்க.

— அட கர்த்தாவே! என் வீட்டுலயே எனக்குச் சோதனையா?

— கோவிச்சுக்காதீங்க. பெத்ததுல எனக்கு எபன் ஒருத்தன்தான் மிஞ்சியிருக்கான். கென்டக்கியில வண்டி கட்டின நாளா போற எடமெல்லாம் கேக்குறோம், பால் குடிச்ச ஆளையே கொல்லுற அந்தப் பால்நோய் இங்க உண்டான்னு. எல்லாரும் ஒரே பாட்டு. 'இங்க இல்லம்மா, ஓடைக்கு அந்தப் பக்கம்.' ஓடையத் தாண்டிப் போனா, அவங்க இந்தப் பக்கம் கை காட்டுறாங்க.

— நெலம் விக்கிறவங்க வேற என்ன சொல்லுவாங்க?

— நீங்களும் எங்களுக்கு இந்த நெலத்த விக்கப் பாக்குறவங்கதானே?

— வாய்க்காரிதான் நீ! இந்தா, பாத்துக்க... ஆச்சா? பால் மீசை மொளைச்சிருச்சா எனக்கு?

— ம். குடிச்சுட்டீங்க. உங்க வீட்டுக்காரரு எதுல போனாரு?

— ...அதுலதான்.

— பால்நோய்லயா! இங்க வந்த அன்னிக்கே எங்க வீட்டுக்காரரு ஹைரம்கிட்ட சொன்னேன், இந்தப் பொம்பள எதையோ அமுக்குறான்னு!

— அமுக்கினேன்தான். சொன்னா எவன் வாங்குவான்? ஆனா அதெல்லாம் அப்ப. இப்ப என் மாடு ஒண்ணும் நடுங்கி விழறதில்ல.

— ஏனாம்? பேய் மனசு மாறிடுச்சாக்கும்.

— சிரி, சிரி. கீழ பள்ளத்துல, மரநெழல்ல, ஒரு வெள்ளைப்பூ பூக்குது. கொத்துக் கொத்தா, பஞ்சு பிச்சு வச்ச மாதிரி. கோடை முடியுறப்ப புல்லெல்லாம் கருகிப்போனாலும் அது பச்சப்பசேல்னு நிக்கும். பசிச்ச மாடு வேற எங்க வாய வைக்கும்? டாக்டரு தண்ணியில விஷம்னாரு. எனக்கு அந்தச் செடி மேலதான் கண்ணு. நானே மரம் பொளந்து பள்ளத்தச் சுத்தி வேலி போட்டேன். அதோட நின்னுச்சு.

— அந்த வேலி... அதுக்கா போட்டீங்க?

— பின்ன? கோழி மேய்க்கவா?

— நாங்க வேற மாதிரில்ல நெனச்சோம். நல்ல மேய்ச்சல எங்க கண்ணுல காட்டாம அடைச்சு வச்சிருக்கீங்கன்னு. ஹைரம் ரெண்டு கட்டைய உருவிட்டு...

— உருவிட்டு?

— எங்க பசுவ உள்ள விட்டாரு. வந்த நாளா அங்கதான் மேயுது.

— அடிப்பாவி!

— ஆனா பசு நல்லாத்தான் நிக்குது அக்கா! நடுக்கமே இல்லியே.

— கறவை மாடு சட்டுனு விழாது ரோடா. விஷத்த மடி வழியா எறக்கிடும். அந்தப் பால என்ன பண்ணினே? சொல்லு, கொட்டிட்டியா?

— உங்க பால நம்பாமத்தான் அக்கா, எபனுக்கு எங்க பசுவோடத மட்டும் குடுத்தேன்... காலையில வாந்தி எடுத்தான், வண்டிக் களைப்புன்னு படுக்க வச்சுட்டு வந்திருக்கேன்.